வேலை செய்கிற இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு

அந்த ராட்சத ரோபோக்கள் சண்டை போட்ட நேரத்தைவிடப் பேசிய நேரம்தான் அதிகம். நாலு மாடி உயரத்துக்கு ஓர் இரும்பு மனிதன் நிற்பான். தோளில் பீரங்கி, கையில் வாள். எதிரே அதே உயரத்தில் இன்னொருவன். இப்போது வெட்டுவான் என்று பார்த்தால் வெட்டமாட்டான். அவனுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற பையனின் முகம், பெரிய கண்ணும் கூரான முடியுமாக, கார்ட்டூன் படமாகத் திரையின் ஓரத்தில் வரும். அவன் பேசுவான், ஜப்பானிய மொழியில். எதிரி பதில் பேசுவான், அதுவும் ஜப்பானிய மொழியில். பத்து நிமிஷம் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் ஓர் அடி விழும். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அந்த விளையாட்டு இருந்ததையும் சுரண்டி எடுத்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் அது வீட்டுக்கு வந்தது. சித்தப்பா ஒரு நூல் மில்லில் மேலாளர். மெஷின் பார்க்க ஜப்பான் போனவர், திரும்பும்போது எங்களுக்கென்று ஒரு விளையாட்டுப் பெட்டியும் ஒரே ஒரு டிஸ்க்கும் வாங்கிவந்தார். டிஸ்க்கின் அட்டையில் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. அக்கா பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நான் காலேஜில் முதல் வருஷம்.

"இதை எப்படிங்க சித்தப்பா ஆடறது?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் அம்மணி? படிச்ச புள்ளைக, நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

முதல் சிக்கல் கரண்ட். ஜப்பானில் நூறு வோல்ட்டாம். நம் பிளக்கில் நேரே மாட்டியிருந்தால் பெட்டி அன்றைக்கே புகைந்திருக்கும். அப்பா ஆவாரம்பாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பின்பக்கம் வீடு, முன்பக்கம் ஒர்க்‌ஷாப். "கெரகம் புடிச்ச பொட்டி, இதுக்கு ஒரு வேலை" என்று திட்டிக்கொண்டே செம்புக் கம்பி சுற்றி ஒரு டிரான்ஸ்பார்மர் செய்து கொடுத்தார். ஆட்டுக்கல் கனம் இருந்தது. ஆன் செய்தால் வண்டு மாதிரி இரைந்துகொண்டே இருக்கும்.

அடுத்த சிக்கல் படம். கலர் டிவிதான், ஆனால் அந்தப் பெட்டியை மாட்டினால் மட்டும் கருப்பு வெள்ளையில் தெரிந்தது. ஜப்பான் டிவி வேறு மாதிரி என்றார் பக்கத்து டிவி மெக்கானிக். அட்டைப்படத்தில் நீலமாக நின்ற ரோபோ எங்கள் வீட்டில் சாம்பல் நிறத்தில் நடந்தது.

மொழிச் சிக்கலுக்கு அக்கா வழி கண்டுபிடித்தாள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டாள். திரையில் புதிதாக எழுத்து வந்தால் அதை அப்படியே நோட்டில் வரைவாள். பிறகு பொத்தானை அமுக்கி என்ன ஆகிறதென்று பார்த்து, பக்கத்தில் தமிழில் எழுதுவாள். 'கை மாற்ற', 'கால் மாற்ற', 'இது குண்டு, மூன்றுதான் இருக்கும்', 'இதைத் தொடாதே, ரோபோவை விற்றுவிடும்'. வட்டம் என்றால் சரி, பெருக்கல் என்றால் வேண்டாம். இது தெரியவே இரண்டு நாள் பிடித்தது. அதிலிருந்து ஒரு சட்டமும் போட்டாள். அவள் வரைந்து முடிக்கும்வரை நான் வட்டத்தைத் தொடக்கூடாது. அவளோ ஒவ்வோர் எழுத்தையும் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுகிற நிதானத்தில்தான் வரைவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கட்டைவிரல் அரிக்கும்.

"சீக்கிரம் வரையக்கா!"

"சித்தெ பொறு. இந்தக் குறுக்குக் கோடு ஒண்ணா ரெண்டா?"

"எத்தனையா இருந்தா என்ன?"

"ஒரு கோட்டுலதான் அன்னைக்கு ரோபோவை வித்துப்போட்ட."

அதைச் சொல்லிக் காட்டாமல் அவளுக்கு ஒரு நாள் கழியாது.

இது போதாதென்று கதை வேறு கட்டினாள். முகத்தைப் பார்த்தே எல்லாருக்கும் உறவு சொல்லிவிடுவாள். நீள முடி வைத்துக்கொண்டு கருப்பு ரோபோ ஓட்டுகிற வில்லன், கதாநாயகனின் தாய்மாமனாம். கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் ஆள் மூலம் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கோபத்தில்தான் பாதி உலகத்தை அழித்திருக்கிறானாம். "பின்ன, தாய்மாமனை மதிக்கலீன்னா கோவம் வராதா?" என்று என்னையே கேட்பாள். நான் ஏவுகணையை எண்ணுவேனா, இதற்குப் பதில் சொல்வேனா? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகு அந்த மாமனைச் சுடும்போதெல்லாம் எனக்கே மனது கேட்கவில்லை.

ஆவணியில் அக்காவுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு சத்தியமங்கலம். ஐப்பசியில் முகூர்த்தம். அன்று மாலை புதுப்புடவையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "அந்த மாமன் கடைசில மனசு மாறி வருவானா மாட்டானா, அது தெரியாம நான் சத்திக்குப் போகமாட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் முடித்துக் காட்டுகிறேன் என்று அவள் கையில் அடித்துச் சொன்னேன்.

அதன் பிறகு முடிக்க விட்டார்களா? நான் டிவி முன்னால் உட்கார்ந்தாலே யாராவது உறவுக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குக் காபி போடவேண்டும், பலகாரம் வைக்கவேண்டும், புடவையைக் காட்டவேண்டும், நகையைக் காட்டவேண்டும். மாப்பிள்ளையின் அத்தை ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று, "ஏனுங்க, கல்யாணப் பொண்ணு எதையோ சுட்டுக்கிட்டு இருக்குதுங்களே?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னை முறைத்த முறைப்பு இன்றைக்கும் முதுகில் இருக்கிறது. சுட்டது அக்கா, திட்டு எனக்கு.

இருந்தும் புரட்டாசி முடிவதற்குள் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டோம். மாமனின் கோட்டைவாசல். அதுவரை ஆடியதெல்லாம் தீப்பெட்டி அகலத்துக்கு இருந்த மெமரி கார்டில் பதிவாகியிருந்தது. அதைப் பெட்டியின் வாயில் செருகவேண்டும். உள்ளே போகிற பக்கம் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும். முகூர்த்தத்துக்கு இன்னும் பதினேழு நாள். ஒரு மத்தியானம் கிடைத்தால் போதும் என்று காத்திருந்தோம்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. அன்று காலை அப்பாவைத் தவிர நாங்களெல்லாம் முகூர்த்தச் சேலை எடுக்கப் போய்விட்டோம். திரும்பி வந்தால் டிவிக்குக் கீழே பெட்டியைக் காணோம். தேடிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். லேத், டிரில்லிங் மெஷின், கம்பி சுற்றுகிற மெஷின், ஸ்பானர், கட்டிங் பிளேயர் எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாக இருந்தன. நடுவில் எங்கள் பெட்டி. அதன்மேல் ஒரு முழம் கதம்பம். டிரான்ஸ்பார்மருக்கும் சந்தனம், குங்குமம். மூன்று மாதமாகக் கெரகம் பிடித்த பெட்டி என்று திட்டியவருக்கு அன்றைக்கென்று பார்த்து அதன்மேல் பாசம் வந்திருந்தது.

"நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கோணும். அதுவும் ஒரு மிஷின்தானே? பாவம், அதை மட்டும் விட்டுப்போட்டா நல்லா இருக்காது" என்றார் அப்பா.

பொரிகடலையைத் தின்றுகொண்டு பல்லைக் கடித்தேன். ஒரு நாள்தானே என்று அக்கா தேற்றினாள்.

மறுநாள் அப்பாவே பெட்டியைத் தூக்கிவந்து, இருந்தபடியே மாட்டிக் கொடுத்தார். ஆன் செய்தேன். எப்போதும் வருகிற கோட்டைவாசல் வரவில்லை. கருப்புத் திரையில் நாங்கள் இதுவரை பார்க்காத இரண்டு வரி. அதன் கீழே எங்களுக்குத் தெரிந்த சரி, வேண்டாம்.

"அப்பா, இதை என்னங்க பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. தொடச்சுச் சந்தனம் வெச்சேன். அந்தச் சின்னப் பலகையையும் உருவித் தொடச்சு, பல்லுல வெச்சு, மறுக்கா சொருகிப்போட்டேன்."

"பல்லுலயா? அங்க எதுக்குங்க வெச்சீங்க?"

"வேலை செய்யற எடத்துலதான் வெக்கோணும். டிரில்லுக்கு முனையில, லேத்துக்குச் சக்குல, பிளேயருக்கு வாயில. இதுக்குப் பல்லுதானே வேலை செய்யுது?"

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது சரி. எதுவும் தெரியாமலே அந்தப் பெட்டியில் மிக முக்கியமான இடத்தைக் கண்டுபிடித்து, அதில் சந்தனத்தை அப்பியிருந்தார்.

நான் கத்தினேன். அக்கா நோட்டை எடுத்து அந்த இரண்டு வரியை வரைய ஆரம்பித்தாள். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "பொறு கண்ணு, உருவித் தொடச்சுப்போட்டு மறுக்கா மாட்டலாம்" என்றார். அக்கா, "ஒரு வரிதான் முடிஞ்சிருக்குது, தொடாத" என்றாள். ஒருவர் பொறு என்கிறார், ஒருத்தி தொடாதே என்கிறாள். மூன்று மாதமாக அதையே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. வட்டத்தை அமுக்கினேன்.

ஒரு சின்னக் கோடு நிரம்பியது. பிறகு விளையாட்டு ஆரம்பமானது. ஆடியில் முதல் நாள் பார்த்த அதே முதல் காட்சி. உருவித் துடைத்தோம், ஊதினோம், பத்து முறை மாட்டிப் பார்த்தோம். கார்டில் எதுவும் இல்லை.

சந்தனம் வைத்துக் கெடுத்துவிட்டார் என்று வீடே அப்பாவைச் சொன்னது. முதலில் சொன்னது நான், அதிகம் சொன்னதும் நான். அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கம்பி சுற்ற உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்த நாளில் அக்காவும் நானும் மறுபடி தொடங்கி, ஆறாவது கட்டத்தோடு நின்றோம். கல்யாணத்தன்று காலை தலையில் பூ வைத்துக்கொண்டே, "மாமன் என்ன ஆனான்னு தெரியாமலே போறேன் பாரு" என்றாள் அக்கா. நான் திரும்பிப் பார்த்து அப்பாவை முறைத்தேன். அவர் பந்தலில் யாருக்கோ நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷம் போயிற்று. சித்தப்பாவின் மில்லில் ஜப்பானிய மெஷின் மாட்ட ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களோடு மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஒரு நாள் சித்தப்பா அவரைச் சாப்பிட அழைத்துவந்தார். சும்மா ஒரு வேடிக்கைக்கு அந்த நோட்டை எடுத்துக் காட்டினேன். புரட்டிப் புரட்டிச் சிரித்தார். அக்காவின் கையெழுத்தை மெச்சினார். கடைசிப் பக்கத்தில் தனியாக நின்ற அந்த ஒரு வரிக்கு வந்தார்.

"கார்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்னு எழுதியிருக்கு. அடுத்த வரி இல்லை. 'அழிக்கலாமா'ன்னு கேட்டிருப்பாங்க" என்றார்.

சந்தனம் பல்லைப் பாதி மறைத்ததால் பெட்டிக்குக் கார்டைச் சரியாகப் படிக்க முடியவில்லை; கெட்ட கார்டு என்று நினைத்துக்கொண்டது. அவ்வளவுதான். துடைத்து மாட்டியிருந்தால் கோட்டைவாசல் அப்படியே இருந்திருக்கும். அழிக்கட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டது. சரி என்று சொன்னது நான்.

சத்திக்குப் போன் போட்டு அக்காவிடம் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான். அப்பாகிட்டச் சொன்னியா?"

"இல்லக்கா."

"மூணு வருசமா அந்த மனுசன் உன் சாமான் எதையும் தொடறதில்ல, தெரியுமா? மொதல்ல அங்க போய்ச் சொல்லு."

எனக்குத் தெரியும். அந்த வருஷம்தான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. சொல்ல மனம் வராமல் நாள் தள்ளிக்கொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. அன்று லேத்துக்கும் டிரில்லுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், கம்ப்யூட்டர் இருந்த அறை வாசலோடு திரும்பிப் போனார். "அதுக்கு ஆகாது. கெட்டுப்போயிரும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். நான் போய் அவர் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். அழுகை வந்தது. மறைக்கவில்லை.

சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று பார்த்தேன்.

"அதான் அன்னைக்கே சொன்னனே, தொடச்சுப்போட்டு மாட்டலாம்னு" என்றார்.

அவ்வளவுதான். மூன்று வருஷப் பழிக்கு எங்கள் அப்பா கொடுத்த பதில். எனக்கு மறுபடியும் எரிச்சல்தான் வந்தது. அவர் அறைக்குள் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல வேலை செய்யற எடம் எதுங்கண்ணு?"

கீபோர்டில் என்டர் பொத்தானைக் காட்டினேன். எதைக் கேட்டாலும் சரி என்று சொல்வதற்கு அதைத்தான் அமுக்கவேண்டும். விரல் நுனியில் கடுகளவு சந்தனம் எடுத்து அதில் வைத்தார். அதன் நடுவில் குங்குமம் வைத்தார். பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தார்.

"காயற வரைக்கும் அமுக்காத" என்றார்.