அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன்

கொழுந்து லொறியின் பின்னால், அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மெதுவாகப் போகிற சாரதி மீது கோபம், வளைந்து வளைந்து முடியாத பாதை மீது கோபம், குளவிக்கூடு இருப்பது தெரிந்தும் அந்தத் தேயிலை மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பியவர்கள் மீது கோபம். பயந்தால் எனக்குக் கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

காலை பத்து மணி இருக்கும். நான் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி, கண்ட கண்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்த நாட்கள் அவை. ஏழாம் நம்பர் மலையில் குளவி கிளம்பிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். கையில் சவர்க்கார நுரையோடு ஓடினேன். நான் ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை விரித்து அதில் போட்டு அம்மாவைத் தூக்கி வந்துவிட்டார்கள். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. கண்கள் மூடிக்கிடந்தன. மூச்சு விசில் மாதிரி வந்தது.

லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காவும் எங்களோடு லொறியில் ஏறினார். அவருக்கும் கையில் நாலைந்து கொட்டு. அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுப்பவர். ஏறியதும் அம்மாவின் வெற்றிலைப் பையை என் கையில் திணித்தார்.

"பத்திரமா வச்சிக்க புள்ள."

எனக்கு எரிச்சலாக இருந்தது. உயிர் போகிற நேரத்தில் வெற்றிலைப் பையா? அந்தப் பைக்கும் எனக்கும் பழைய பகை. லீவில் வரும்போதெல்லாம் வெற்றிலையை விடச் சொல்லி அம்மாவோடு சண்டை போடுவேன். ஒரு தடவை பையைப் பிடுங்கிச் சாக்கடைக் கானில் எறிந்திருக்கிறேன். அம்மா பதறிப்போய் ஓடி எடுத்தார். வெற்றிலைக்காக மானத்தை விட்டு ஓடுகிறாரே என்று அன்று வெட்கப்பட்டேன். இப்போதும் அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அம்மா, பேசும்மா" என்றேன். விரலை மட்டும் அழுத்தினார். பொகவந்தலாவை பஸ் ஒன்று எதிரே வந்ததும் லொறி ஒதுங்கி நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் அம்மாவின் பிடி தளர்ந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைவிட நாலைந்து வயதுதான் கூடியவர். தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அது நான் படித்த மொழி. வயது சொன்னேன். எத்தனை மணிக்குக் கொட்டியது என்று சொன்னேன். வேறு நோய் உண்டா, தினமும் ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்று கேட்டார்.

"இல்லை. அம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை" என்றேன். பிழையில்லாத ஆங்கிலத்தில், தயக்கமே இல்லாமல் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தொடையில் ஊசி போட்டார்கள். சேலைன் ஏற்றினார்கள். கதவு பாதி திறந்திருந்தது; பிரஷர் பார்க்கிற மெஷின் எனக்குத் தெரிந்தது. எண் ஏறவில்லை. இரண்டாவது ஊசி போட்டார்கள். அப்போதும் ஏறவில்லை. தாதி டொக்டரின் முகத்தைப் பார்த்தார். டொக்டர் வெளியே வந்தார்.

"மருந்து எதுவும் எடுப்பதில்லை என்று நிச்சயமாகத் தெரியுமா?"

"நான் அவருடைய மகள்" என்றேன். அதுவே பதில் என்று நினைத்தேன்.

அவர் உள்ளே போனதும், வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டார்.

"டொக்டரு என்னா கேக்குறாரு?"

"அம்மாவுக்கு ஏதாச்சும் நோய் இருக்கான்னு. இல்லன்னு சொல்லிட்டேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வீங்கிய கையை மற்றக் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

"என்னக்கா?"

"ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க புள்ள."

"யாரு? சொல்லுங்கக்கா!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா பிரஷருக்கு மாத்திர போடுறாங்க. மூனு வருஷமா. மாசாமாசம் நாங்க ரெண்டு பேருந்தான் கிளினிக்குக்குப் போறோம். ஒனக்குத் தெரிஞ்சா நீ படிப்ப விட்டுட்டு வந்துருவன்னு பயம்."

"என்னா மாத்திர?"

"பேரெல்லாம் எனக்கெங்க தெரியும்? அந்த வெத்தலப் பையிலதான் ஒளிச்சி வச்சிருப்பாங்க, பாரு."

பையின் வாய்க்கயிறு முடிச்சு விழுந்திருந்தது. அவிழ்க்கவே முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். வாடிய வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த சின்னக் காகித உறை, கிளினிக்கில் மருந்து போட்டுக் கொடுப்பார்களே அது. மேலே ஆங்கிலத்தில் கையால் எழுதியிருந்தது: அட்டெனொலோல்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். நன்றாகவே தெரியும். மூன்றாம் வருடப் பரீட்சையில் அந்த மருந்தின் கட்டமைப்பை வரைந்து, அது உடம்பில் எதை அடைக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். போட்ட ஊசி எந்தக் கதவைத் தட்டுகிறதோ அந்தக் கதவைத்தான் இந்த மாத்திரை பூட்டி வைத்திருந்தது. அன்று நான் அந்தப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த காலையிலும் அம்மா இதில் ஒன்றை விழுங்கிவிட்டு மலை ஏறியிருப்பார்.

உள்ளே போகக் கூடாது என்று யாரோ சிங்களத்தில் அதட்டினார்கள். போனேன். உறையை டொக்டரின் கையில் வைத்தேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாதியிடம் வேறொரு மருந்தின் பெயரைச் சொன்னார். அது அந்த வாட்டில் இல்லை. ஒருவர் எடுத்துவர ஓடினார்.

வெளியே வந்து சுவரோரமாகக் குந்தினேன். நான்கு வருடத்தில் என்னென்னவோ படித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நம் வீட்டு மனுஷியைப் பற்றி நாலு கேள்வி கேட்பார்கள், அதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை. பாடத்தைக் குறை சொல்லி என்ன பயன்? நான் கேட்டதே இல்லை. விடுதியிலிருந்து ஃபோன் எடுக்கும்போதெல்லாம் "ஒனக்கு எப்பிடிம்மா இருக்கு?" என்பேன். "எனக்கென்னா, நல்லாத்தான் இருக்கேன். நீ படி" என்பார். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. டொக்டரிடம் நான் சொன்னது பதிலே இல்லை. அம்மா ஃபோனில் சொன்னதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவர் மீதும் கோபமாக இருந்தது. பிறகு அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். கதவு திறந்தது. தாதி என்னைத் தேடி வந்து சிங்களத்தில் என்னவோ சொன்னார். அதில் 'ஹொந்தய்' என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. நல்லது என்று அர்த்தம். அது போதும். அங்கேயே சத்தம் போட்டு அழுதேன்.

மறுநாள் பின்னேரம் அம்மாவுக்கு ஒரு கண் திறந்தது.

"வெத்தலப் பை எங்க?"

"வெத்தல கெடையாது."

"வெத்தலைக்கா கேட்டேன்? அதுல…"

"தெரியும்."

அம்மா திறந்த அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். "அவ சொல்லிட்டாளா?"

"சொல்லாட்டி நீ செத்திருப்ப!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். அம்மா என் கையைத் தேடினார். நான் கொடுக்கவில்லை, பேனையை எடுத்தேன்.

எந்த நாள் கிளினிக், காலையில் எத்தனை மாத்திரை, சாப்பிட முன்னாடியா பின்னாடியா, எந்த மருந்துக்கு உடம்பு தடிக்கும், என்ன இரத்த வகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, டொக்டர் திருப்பிக் கொடுத்த அந்த உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். அம்மா முணுமுணுத்தபடி பதில் சொன்னார். இரத்த வகை அவருக்கும் தெரியவில்லை. தாதியிடம் எனது அரைகுறைச் சிங்களத்தில் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"வேற என்னாத்த மறைச்சி வச்சிருக்க?"

சிரிப்பார் என்று நினைத்துத்தான் கேட்டேன். அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போயி பேசிக்குவோம்."

உட்கார்ந்திருந்த கதிரையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டேன். உறையில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

"இங்கயே சொல்லு" என்றேன்.