அடிப்பக்கத்து அலை

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘வெள்ளியக்கா’. உடம்பில் குந்துமணி வெள்ளி கிடையாது. கண்ணாடிச் சில்லில், தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு வெள்ளியைப் பூசி, லேசர் ஒளியைச் சாய்த்துவிட்டுப் பார்ப்பதே ஆறு வருடப் பிழைப்பு.

கோணம் சரியாக அமைந்தால் வெள்ளியின் எலக்ட்ரான்கள் அலையாக ஆடி ஒளியை விழுங்கிவிடும். திரையில் கோடு பள்ளமாக இறங்கும். மேல்பக்கத்து அலை யார் கூப்பிட்டாலும் வரும். வெள்ளியும், கண்ணாடியோடு அதைப் பிடித்துவைக்கும் அடிப்பூச்சும் ஒட்டுகிற இடத்தில் புதைந்திருப்பதுதான் ஆட்டம் காட்டும். அதையும் ஒரு சின்னப் பள்ளமாகப் பிடித்துவிட்டாள். ஆய்வேடு அச்சாகி வந்தாயிற்று. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வேறு ஊரில் இருக்கும் புருஷனிடமும் மகளிடமும் போய்விடலாம்.

“வாய்மொழித் தேர்வுல காட்ட ஒரே ஒரு படம் மட்டும் தெளிவா எடுத்துடும்மா,” என்றார் பேராசிரியர். ஜன்னல் இல்லாத இருட்டறைக்குள் மறுபடி போனாள். பெட்டியில் தடவி எடுத்த சில்லை முப்பட்டகக் கண்ணாடியின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒட்டினாள். திரையில் பெரிய பள்ளத்தைக் காணோம். சின்னது மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

விளக்கைப் போட்டாள். வெள்ளி பூசாத வெறும் கண்ணாடி. வெள்ளியே இல்லாத இடத்தில் வெள்ளியின் அலை எங்கிருந்து வரும்? புது எண்ணெய் விட்டுப் பார்த்தாள். பள்ளம் போயே போய்விட்டது. மூன்று வருடமாக விழுந்து விழுந்து அளந்தது கெட்டுப்போன எண்ணெயை. வெறும் சில்லை ஒருநாளாவது வைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, இத்தனை படித்தவர்களுக்கு. பழைய எண்ணெய்க்கு ஒன்று, புது எண்ணெய்க்கு ஒன்று என்று வெறும் சில்லைப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

பேராசிரியர் இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

“யார்கிட்டயாவது சொன்னியாம்மா?”

“இல்ல சார்.”

“அப்ப அந்தச் சில்லு கீழ விழுந்து ஒடஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கோ. வீட்டுக்குப் போய்ச் சேரு.”

அவளுடைய நல்லதற்குத்தான் அவர் சொன்னார். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், ‘இம்முடிவுகள் உண்மையானவை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். போட்டால் காலத்துக்கும் உறுத்தும். போடாவிட்டால் மறுபடி இதே நாலு சுவர். பேனாவை வைத்துவிட்டுப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

“பெட்டியெல்லாம் கட்டியாச்சா?” என்றான் எடுத்த எடுப்பிலேயே.

“இன்னும் ஒரு வருஷம் ஆகும்போல. ரெண்டுகூட ஆகலாம்.”

அவன் கத்தவில்லை. கத்தித் தொலைத்திருந்தால் தேவலை.

“போன வருஷம் ‘அம்மா இப்ப வரல’ன்னு பாப்பாகிட்ட நான் சொன்னேன். இந்தத் தடவ நீயே சொல்லு,” என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டான்.