பத்தாய அறையில் ஓர் ஆமை

எங்கள் வீட்டில் ஆமை இருக்கிறது என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் எனக்குப் போடப்பட்ட ஒரே கட்டளை அதுதான். கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டால்கூட மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது.

வாங்கி வந்தவர் சித்தப்பா. சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். மார்கழியில் விடுமுறைக்கு வந்தவர் சென்னையில் இறங்கியதும் மீன் தொட்டிக் கடையொன்றில் அதை வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, குடவாசல் வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். என் உள்ளங்கைக்குள் அடங்கும். பச்சை ஓடு. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குங்குமத்தை இழுத்துவிட்டதுபோல் ஒரு சிவப்புக் கோடு.

"அமெரிக்கா ஆமைம்மா. உன்னப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு" என்றார். நம்பினேன். சித்தப்பா சொல்லி நான் நம்பாதது எதுவும் இல்லை.

ஆமை வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. எங்களோடு இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, அந்தப் பயம் கொஞ்சம் கூடுதல். ஆனால் கடைக்குட்டித் தம்பி ஆசையாக வாங்கி வந்ததைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. "வாசப்படி தாண்டி உள்ள வரக் கூடாது" என்று சமாதானமானாள். அதனால் கொல்லைக் கிணற்றடியில் ஒரு நீல பேசின், அதில் பாதித் தண்ணீர், நடுவே ஒரு செங்கல். காலை வெயில் வந்ததும் ஆமை செங்கல்மேல் ஏறிப் பின்னங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு கிடக்கும். எங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமை படுத்திருப்பதுபோலவே இருக்கும். நான் ஈரமண்ணைக் கிளறி மண்புழு எடுத்துப் போடுவேன். வாய்க்கால் ஓரத்தில் பொடி நத்தைகள் பொறுக்கி வருவேன். ஓட்டோடு நறுக்கென்று கடித்துத் தின்னும்.

சித்தப்பா சிங்கப்பூர் திரும்பினார். தை பிறந்ததும் அவருக்குப் பெண் பேச ஆரம்பித்தார்கள். ஜாதகம் பொருந்தியது. அடுத்து, பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் கூடத்தோடு நிற்பார்களா? கிணறு, மாடு, கொல்லை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார்கள். நடுவில் தரகர் வேறு எந்த நேரமும் வந்து நிற்பார். கிணற்றடியில் ஆமையைக் கண்டால் சம்பந்தம் அன்றோடு முடிந்தது என்றாள் அத்தை. குளத்தில் விட்டுவிடச் சொன்னாள். நான் இரண்டு வேளை சாப்பிடாமல் அழுதேன். கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள்: நிச்சயதார்த்தம் முடிகிறவரை பத்தாய அறையில் ஒளித்து வைக்கலாம்.

நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் இருந்த அறை அது. சன்னல் கிடையாது. அறுவடை முடிந்திருந்ததால் பத்தாயம் போகச் சுவரோரமெல்லாம் நெல் மூட்டை. வாசற்படியைத் தாண்டக் கூடாது என்றிருந்த ஆமை, வீட்டின் நட்டநடு அறைக்கே குடிபோனது. அத்தை அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தாள். நெல் இருக்கும் இடம் லட்சுமி இருக்கும் இடம். அங்கே புழு, நத்தை என்று கவிச்சி எதுவும் நுழையக் கூடாது. எனவே ஆமைக்கு மோர்சாதம். சில நாள் பிஸ்கட். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த இருட்டில் உட்கார்ந்து அதற்குக் கதை சொல்வேன். என்னைவிட அக்கறையாக யாரும் ஆமை வளர்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு எண்ணம்.

நிச்சயத்துக்கு நான்கு நாள் முன்பு அது இறந்துபோனது. தலையை நீட்டியபடி, செங்கல்லில் பாதி ஏறிக் கிடந்தது. அம்மா வாழைக் கன்றடியில் குழி தோண்டினாள். நல்ல காரியம் நடக்கப்போகிற வீட்டில் அழக் கூடாது என்று அத்தை சொன்னாள். சொல்லிவிட்டு அவளே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. வந்த சித்தி நல்லவள். ஆமைக் கதையைப் பல வருடம் கழித்து அவளிடம் சொன்னேன். "எங்க வீட்ல யாரும் இதெல்லாம் பாக்க மாட்டோமே. எங்க கெணத்துலயே ரெண்டு கெடந்துச்சு" என்றாள்.

அந்தச் சாதி ஆமை தன் நாட்டில் வாழும் படத்தைச் சமீபத்தில் பார்த்தேன். அமெரிக்காவின் தெற்குப் பக்கம், மெதுவாக ஓடும் ஓர் ஆறு. தண்ணீரில் விழுந்து கிடக்கும் மரத்தின்மேல் பத்துப் பன்னிரண்டு ஆமைகள் வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வெயில் காய்ந்துகொண்டிருந்தன. வெயிலும் நத்தையும் புழுவும் இல்லாவிட்டால் குஞ்சுகளுக்கு ஓடு இறுகாதாம். குளத்திலாவது விட்டிருக்கலாமே என்று பதறினேன். அதுவும் தப்பு என்று கீழே எழுதியிருந்தது. வேற்றூர்க் குளத்தில் பிழைத்துக்கொண்டால், அங்கே காலங்காலமாக இருக்கும் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளுமாம். அந்தக் கடையிலிருந்து சித்தப்பாவின் மடிக்கு வந்தபோதே அதற்குப் போக்கிடம் இல்லாமல் போய்விட்டது.

அது சாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா போன் செய்தார். ஆமை எப்படி இருக்கிறது என்று வழக்கம்போல் என்னிடம் கேட்டார்.

"ஓடு மெத்துமெத்துன்னு ஆயிடுச்சு சித்தப்பா. அமுக்குனா அமுங்குது."

"சாப்புடுதா?" என்றார்.

"சோறு வச்சா பாத்துக்கிட்டே இருக்கு."

"கொஞ்சம் வெயில்ல வைக்கலாமா பாரு. அத்தகிட்ட போனக் குடு."

அத்தை வாங்கிப் பேசினாள். "இன்னும் பத்து நாள் பொறுத்துக்கப்பா. எல்லாம் உனக்காகத்தான்" என்றாள். போனிலிருந்து "சரிக்கா" என்று மெல்லக் கேட்டது.

எதற்குச் சரி என்றார் என்று எனக்குத் தெரியவில்லை. நேராகப் பத்தாய அறைக்குப் போய், ஆமையை எடுத்து மடியில் வைத்து, அந்த மெத்தென்ற ஓட்டைத் தடவிக்கொண்டே இருந்தேன். அதற்கு என்மேல் பயம் விட்டுப்போய்விட்டது, அதனால்தான் இப்படி இளகிக் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.