இரு பக்கமும் விரும்பாத பதில்

சென்ற புதன்கிழமை காலை தொலைபேசியை எடுத்ததும் பத்மாவதியின் மகள் மைதிலியின் குரல் கேட்டது. அவர் என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்று தமிழில் தொடங்கினார். "அங்கிள், அம்மா போயிட்டா. நித்திரையிலயே போயிட்டா." அம்மாவோடு வேலை பார்த்தவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால், சொல்வதற்கு அதிகம் பேர் இல்லை. நாங்கள் இருந்த பல்கலைக்கழகத் துறையில் மிஞ்சியிருப்பவர்களில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் சனி, ஞாயிறுகளில் பத்மாவதியைப் பார்த்தவர்கள், பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான பெண்மணியாக அவரை அறிந்திருப்பீர்கள். அவர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது அமெரிக்கத் தேர்தல்களை என்று சொன்னால் உங்களில் பலர் நம்பமாட்டீர்கள். எழுபதுகளில் நானும் நம்பவில்லை. அப்போது சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்குப் புள்ளியியல் துறையில் வேலை. அறைத் தட்டுப்பாட்டால் என்னை அரசியல் துறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். எதிர் மேசையில் பத்மாவதி. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். லண்டனில் டாக்டர் பட்டம் முடித்து, ஒப்பந்த விரிவுரையாளராக வந்திருந்தார். பருத்தித்துறையில் பிறந்தவருக்கு அமெரிக்காவில் யார் யாருக்குக் காசு கொடுத்தால் என்ன என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

"அங்கை காசு குடுத்தவன்ரை பேரை எழுதி வைக்கினம், ராகவன்," என்றார். "எங்கட ஊரில ஆர் எழுதி வைக்கிறது?"

அவர் பார்த்துக்கொண்டிருந்தது பிரைமரி என்று அமெரிக்கர்கள் சொல்லும் தேர்தல்களை. கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைவர்கள் தீர்மானிக்காமல் வாக்காளர்களே தேர்ந்தெடுப்பது. ஒரே நாளில் நடப்பதில்லை. ஒரு மாநிலம், பிறகு இன்னொன்று என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு பெரிய ஊழலுக்குப் பிறகு அங்கே சட்டம் இறுகி, நன்கொடை வாங்கியவர்கள் எல்லாம் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கணக்குகளின் நுண்படச் சுருள்களைத் தருவித்து, துளையட்டைகளில் ஏற்றி, கணினியில் ஓட்டினோம். அரசியல் அவருடையது, கணக்கு என்னுடையது. முடிவு தெளிவாக வந்தது: அதிகம் பணம் திரட்டியவர்களே வென்றிருந்தார்கள்.

இந்த முடிவுக்கு ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே ஒரு காத்திருப்பு இருந்தது. இங்கும் கட்சிகள் நன்கொடைகளை வெளியிட வேண்டுமென்று ஒரு பேச்சு கிளம்பியிருந்த நேரம். எங்கள் பேராசிரியர் அதை ஆதரித்தவர். மெல்பர்னில் நடக்கவிருந்த ஆண்டு மாநாட்டில் பத்மாவதியின் உரையை முக்கிய உரையாக வைத்தார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரையும் அழைத்தார். மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பத்திரிகை, தேர்தலைப் பணமே வெல்கிறது என்று பத்மாவதியின் பெயரோடு செய்தி போட்டது. மாநாடு முடிந்த அடுத்த வாரம் நிரந்தர வேலைக்கான நேர்முகம். தேர்வுக் குழுவின் தலைவரும் அதே பேராசிரியர்தான்.

அந்த வேலை அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவர் கணவர் சிவநேசன் பொறியாளர். செவன் ஹில்ஸில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிவிட்டது. சிறு குழந்தையோடு அந்த வீடு பத்மாவதியின் ஒப்பந்தச் சம்பளத்தில் ஓடியது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம், கணினி அறையிலிருந்து ஒரு தாள் கட்டோடு வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். யாரும் கேட்காமலே மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறார். முன்பு மொத்தத் தொகையை மட்டும் எடுத்திருந்தோம். இப்போது ஒவ்வொரு நன்கொடையையும் அது வந்த தேதியோடு பிரித்திருந்தார். பணத்தில் பெரும்பகுதி வெற்றிக்குப் பிறகு வந்தது. ஒருவர் முதல் மாநிலத்தில் வென்றதும், அதுவரை கதவைத் திறக்காதவர்கள் எல்லாம் காசோலையோடு வந்திருக்கிறார்கள். பணத்தால் வென்றார் என்று எழுதியிருந்தோம். வென்றதால் பணம் வந்தது என்றுதான் அந்தத் தாள் சொன்னது.

நான் அன்று சாயங்காலம் வரை சரிபார்த்தேன். பிழை கண்டுபிடிக்க முடியாதா என்று ஏங்கிக்கொண்டே சரிபார்த்தேன். கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் பேராசிரியரிடம் போய்ச் சொன்னார். பேராசிரியர் கெட்டவர் அல்ல. பத்மாவதியை லண்டனிலிருந்து கொண்டுவந்ததே அவர்தான். அச்சிட்ட கட்டுரையை அப்படியே வாசியுங்கள், திருத்தத்தைப் பிறகு ஆய்விதழில் அடிக்குறிப்பாகப் போடலாம் என்றார். பத்மாவதி தன்னால் முடியாது என்றதும், அப்படியென்றால் அடுத்த வாரம் என்னாலும் உங்களுக்கு உதவ முடியாது என்று சொல்லியிருக்கிறார். இதைப் பத்மாவதி என்னிடம் சொன்னபோது குரல் ஏறவில்லை. கையிலிருந்த பேனாவின் மூடியை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக் குசினியில் நானும் இருந்தேன். சிவநேசன் தேநீரை எங்கள் முன் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை," என்றார். "ஒரு கிழமை பொறுக்கச் சொல்லித்தான் கேக்கிறன். வேலை கையில வரட்டும். பிறகு திருத்தும்."

"பிறகு திருத்தினா அது திருத்தம் இல்லை," என்றார் பத்மாவதி. "அண்டைக்கு வாற ஆக்கள் அதைக் கேட்டுப்போட்டுத்தானே போகப் போயினம்?"

சிவநேசன் எழுந்து பின்கதவு வழியாக வெளியே போய்விட்டார். நான் தேநீரைக் குடிக்காமலே விடைபெற்றேன்.

மெல்பர்ன் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பேராசிரியர், அவருக்குப் பக்கத்தில், நன்கொடைகளை வெளியிட வைக்க வேண்டும் என்று பேசிவந்த நாடாளுமன்ற உறுப்பினர். சற்றுத் தள்ளி, அதெல்லாம் தேவையில்லை என்று எதிர்த்துவந்த இன்னொருவர். பத்மாவதி நீலக் கரை போட்ட பருத்திச் சேலையில் மேடை ஏறினார். அச்சிட்ட கட்டுரையைக் கவிழ்த்து வைத்தார். சென்ற வாரம் பத்திரிகையில் வந்தது தன்னுடைய முடிவுதான், அது தவறு என்பதுதான் முதல் வாக்கியம். பிறகு காரணத்தை நிதானமாகச் சொன்னார். பேராசிரியர் தலையைத் தூக்கவேயில்லை. அவர் பக்கத்தில் இருந்தவர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, உரை முடிவதற்குள் எழுந்து போனார். அவருடைய காலடிச் சத்தம் வாசல்வரை கேட்டது.

கேள்வி நேரத்தில், சட்டத்தை எதிர்த்துவந்த அந்த மற்ற உறுப்பினர் எழுந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. மேடத்தின் நேர்மையைப் பாராட்டுகிறேன் என்றார். அப்படியானால் பணம் தேர்தலை வெல்வதில்லை, நன்கொடைச் சட்டம் எதுவும் தேவையில்லை, இதை நான் உங்கள் பெயரால் சொல்லலாம் அல்லவா என்று கேட்டார். மண்டபத்தில் சிலர் கைதட்டத் தொடங்கினார்கள்.

பத்மாவதி தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "இல்லை," என்றார். "அதைச் சொல்ல நான் உங்களுக்கு அனுமதி தரவில்லை. என் கணக்கில் இருப்பவர்கள் எல்லோரும் போட்டியிட்டவர்கள். முதல் வாக்கு விழுவதற்கு முன்பே பணம் கிடைக்காமல் ஒதுங்கியவர்கள் இதில் இல்லை. அவர்கள் எத்தனை பேர் என்றே எனக்குத் தெரியாது. தெரியாததை உங்களுக்கும் தர முடியாது."

கைதட்டல் நின்றுவிட்டது.

மறுநாள் காலை நாங்கள் என் பழைய காரில் சிட்னிக்குத் திரும்பினோம். பாதி வழியில் ஆல்பரி ஊர் வரும்வரை அவர் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஆல்பரியில் ஒரு கடையைக் காட்டி, "பசிக்குது, ராகவன்," என்றார். வேறு ஏதோ சொல்லப்போகிறார் என்று பயந்திருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

செவன் ஹில்ஸ் வீட்டுக் கதவைச் சிவநேசன் திறந்தார். கையில் அன்றைய பத்திரிகை. தேர்தலைப் பணம் வெல்வதில்லை, ஆய்வாளர் ஒப்புதல் என்று போட்டிருந்தார்கள்.

"இது நீர் சொன்னதோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப அவங்களுக்குச் சொல்லும்." அவரே பத்திரிகையின் எண்ணைத் தேடிச் சுழற்றி, தொலைபேசியை மனைவியிடம் நீட்டினார். மூன்று நாள் முன்பு அவரை ஒரு வாரம் பொறுக்கச் சொன்ன மனிதர், அந்த உரையாடல் முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். இன்னொருவருக்கு மாற்றிவிடுகிறோம் என்று அவர்கள் இழுத்தடித்தபோது, "வைக்காதையும்," என்று மட்டும் சொன்னார். சில நாள் கழித்து உள்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், ஒரு திருத்தம் வந்தது.

வேலை வேறொருவருக்குப் போனது. ஒப்பந்தமும் நீளவில்லை. சிவநேசனுக்கு ரயில்வே பட்டறையில் இடம் கிடைக்கும்வரை அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் அறிவேன். பத்மாவதி ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்தார். பகலில், போட்டியிட நினைத்துப் பாதியில் ஒதுங்கிய அமெரிக்கர்களுக்கு ஒவ்வொருவராகக் கடிதம் எழுதினார். பலர் பதில் போடவில்லை. எழுதியவர்களில் ஒருவர், பணம் உள்ள சில நண்பர்கள் கூப்பிடுவதாகச் சொன்ன நாளில், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாராம். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த நாள் உடல்நலக் காரணத்தால் விலகுவதாக அறிவித்தாராம். அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "இந்த மனிசன் ஒரு இடத்திலையும் தோக்கேல்லை, ராகவன். அதாலதான் ஒரு கணக்கிலையும் இல்லை," என்றார்.

அப்படிப்பட்டவர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஓர் அமெரிக்க ஆய்விதழில் வந்தது. அதன் பிறகு சிட்னியிலேயே வேறொரு பல்கலைக்கழகம் அவரை எடுத்துக்கொண்டது. ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தார். பேராசிரியர் அவரோடு பிறகு பேசவேயில்லை. ஆனால் தன்னிடம் வந்த நல்ல மாணவர்கள் சிலரை அவரிடம் அனுப்பினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அந்த மண்டபத்தில் இரண்டாவது மனிதரின் சிரிப்பை அவர் ஏற்றுக்கொண்டிருக்கலாம். முதல் உண்மையைச் சொல்லி முடித்த களைப்பில் யாராக இருந்தாலும் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பார்கள், நான் இறங்கியிருப்பேன். அதற்குப் பிறகும் நான் பல ஆண்டுகள் கணக்குப் போட்டுச் சம்பாதித்தேன். என் முடிவுகளைப் பார்த்து யாராவது முகம் மலர்ந்தால் எனக்கு உள்ளே ஒரு பயம் வந்துவிடும். வீட்டுக்குப் போய் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். அந்தப் பயம் பத்மாவதி எனக்குத் தந்தது. அது என்னிடம் இருக்கிறது.