சாம்பிள் பாஸ்

என் வீட்டுக்காரருக்கு மூளையில் ரத்தம் கசிந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "ரத்த டெஸ்ட் நல்லாத்தான இருந்துச்சு?" அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாத்தூர்ப் பக்கம் எங்களுக்குப் பட்டாசு கம்பெனி. அன்றன்றைய சரக்கில் ஒன்றிரண்டை எடுத்துப் பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். நன்றாக வெடித்தால் "சாம்பிள் பாஸ்". மிச்சமெல்லாம் பெட்டிக்குள் போய்விடும். அதிலேயே ஊறிப்போன மனுஷன் இவர்.

பிரஷர் அவருக்கு ரொம்ப நாளாக உண்டு. மாத்திரை போட்டால் அடிக்கடி ஒண்ணுக்கு வருகிறது, லோடு ஏறும்போது நிற்க முடியவில்லை என்று சீசன் வந்தாலே முணுமுணுப்பார். இந்தச் சீசனுக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் எவனோ லேபுக்காரன் முகாம் போட்டான். பிரஷர்காரர்களுக்கு மூளையில் ரத்தம் கசியுமா என்று ரத்தத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம், புது டெஸ்ட் என்று மைக்கில் கத்தினான். இவர் முதல் ஆளாகக் கையை நீட்டினார். 'அபாயம் குறைவு' என்று பச்சை எழுத்தில் ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கே மாத்திரை அட்டையைத் தூக்கி அலமாரி மேல் எறிந்தார்.

"டாக்டரைக் கேக்காம நிப்பாட்டாதீக."

"சாம்பிள் பாஸாயிருச்சுல்ல? பொறவு எதுக்கு மாத்திரை?"

"நேத்து சாம்பிளை வச்சு இன்னைக்குச் சரக்க ஏத்துவீகளா? தலை வலிக்குதுன்னு காலையிலகூடச் சொன்னீக. பிரஷராவது பாத்துட்டு வாங்க."

"சீசன் முடியட்டும். சும்மா நொய்நொய்ங்காத."

உரசினால் பொறி பறக்கும் என்று நைலான் சட்டை போட்டு வந்தவர்களைக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார். வெயில் ஏறினால் வெடிமருந்து கலக்குவதை நிறுத்தச் சொல்வார். ஊரார் உயிருக்கு அம்புட்டு ஜாக்கிரதை, தன் தலைக்கு மட்டும் ஒரு தாள் போதுமாம்.

தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருந்தபோது லாரிக்குப் பக்கத்திலேயே சரிந்தார். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரத்தத்துல அந்த மாதிரி அடையாளம் இருக்கான்னு ஆராய்ச்சி நடக்குதும்மா. ஆனா இந்த ஆளுக்கு வரும், வராதுன்னு அடிச்சுச் சொல்ற டெஸ்ட் இன்னும் வரல. குறைவுன்னே வந்தாலும் பிரஷர் மாத்திரைய நிறுத்தலாமா?"

தாளின் அடியில் பொடி எழுத்தில், மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்கவும் என்று போட்டிருந்தது. அட நாசமாப் போறவனே! அதையும் அந்த மைக்கிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

நேற்று என் கொழுந்தன் வந்தார். அவருக்கும் பிரஷர், அவருக்கும் பட்டாசு கம்பெனி. அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து கண்ணைத் துடைத்தவர், என் பக்கம் குனிந்தார். "மதினி, அந்த லேபு எங்கன இருக்கு? அண்ணனுக்கு ஏதோ தப்பாப் போச்சு. எனக்கு ஒருதரம் பாத்துட்டா நிம்மதியா மாத்திரைய விட்ருவேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து இடது கை நீண்டு கொழுந்தன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. எச்சில் ஒழுக, வாய் கோண, மூச்சைப் பிடித்து இவர் முக்கினார்.

"மா... மாத்... மாத்திர... போடு."

விழுந்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். கொழுந்தன் விம்மி விம்மி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாய் நன்றாக இருந்தபோது அந்த மாத்திரையைப் போட்டுத் தொலைத்திருந்தால் என்னவாம் இந்த மனுஷனுக்கு?