உதிர்ந்துபோன சூஜி கேக்

என் மூத்த மகளுக்கு ஞானஸ்நானம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், விருந்தாளிகளுக்கென்று நான் சுட்ட கேக் கத்தி பட்டதும் மணலாக உதிர்ந்தது.

அப்போது நாங்கள் பினாங்கில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. நான் கெடாப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, அதைத் தானும் மறக்க மாட்டார், ஊரையும் மறக்க விட மாட்டார். கான்வென்டில் படித்தவர். அவர் வாயில் எனக்குப் பெயரே கிடையாது. 'தோட்டத்துப் பொண்ணு'தான். குழந்தைக்கு ஞானத்தாயும் அவரே என்று என்னைக் கேட்காமலே முடிவாகியிருந்தது.

சூஜி கேக் அவருடைய கைப்பெருமை. ரவையும் வெண்ணெயும் பாதாமும் சேர்த்துச் சுடுவது. பட்டணத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அது மேசையில் இருக்கவேண்டும். "நானே சுட்டுக் கொண்டாறேன்" என்றார். "என் பிள்ளைக்கு நானே சுடுறேன் அண்ணி. எப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வெண்ணெயும் சீனியும் நல்லா அடி. ரவையைக் கொட்டு, முட்டையை ஊத்து, பாதாமைப் போடு. அவ்ளோதான் லா."

அவர் சொன்னபடியேதான் செய்தேன். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த அடுப்பு எங்களுடையது. கீழே கரி, மேலே தகரத்தின் மீதும் கரி. கேக் நன்றாகத்தான் எழும்பியது, நிறமும் வந்தது. ஆறவைத்து வெட்டியபோதுதான் பொலபொலவென்று கொட்டியது. வாயில் போட்டேன். ருசியில் குறையில்லை. ஆனால் ரவை ரவையாகவே இருந்தது. பல்லில் நறநறவென்று அரைபட்டது.

கணவர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப் போனார். "அக்கா வர்றதுக்குள்ள ஹைனான் சீனன் கடையில ஒரு கேக் வாங்கிட்டு வந்துடட்டுமா?"

ஆனால் அக்கா அதற்குள் வந்துவிட்டார். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தவர், தட்டைப் பார்த்ததும் சிரித்தார்.

"ரவையை வெண்ணெயில ராத்திரி முழுக்க ஊற வைக்கலையா?"

"ஊற வைக்கணும்னு நீங்க சொல்லலையே அண்ணி."

"இதையெல்லாமா சொல்லணும்? தோட்டத்துல கேக்கை எங்க கண்டிருக்கப் போற! தூக்கிக் கோழிக்குப் போடு. நான் ஆள் விட்டுக் கடையில வாங்கிக்கிறேன்."

எனக்குக் காது சூடேறியது. வேண்டுமென்றே மறைத்தாரா, அவசரத்தில் விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அன்று எனக்கு நேரமில்லை. "கடை கேக் இந்த வீட்டுக்குள்ள வராது" என்றேன். அவரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்குப் போய்விட்டார்.

தட்டின் முன்னால் நின்று யோசித்தேன். ரவை ஊறவில்லை, அவ்வளவுதானே? ஊறாததை இப்போது ஊற வைத்தால் என்ன? பாசாரில், காலைச் சந்தையில், மலாய்க்காரப் பெண்கள் பிங்கா விற்பார்கள். மாவில் தேங்காய்ப்பால் ஊற்றி, மேலேயும் கீழேயும் நெருப்பு வைத்துச் சுடும் பலகாரம். மேலே கருஞ்சிவப்பாக இருக்கும், உள்ளே குழைவாக இருக்கும். தேங்காய்ப்பாலுக்கு அடங்காத ரவை உண்டா என்று தோன்றியது.

கணவர் கையில் தேங்காய் மூடியைக் கொடுத்தேன். "துருவுங்க."

"நானா?"

"உங்க பிள்ளைக்குத்தானே விருந்து?"

பூசைக்குப் போட்டிருந்த சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனோடு துருவுபலகையில் உட்கார்ந்தார். நான் கேக்கை முழுவதுமாகப் பெரிய மங்குப் பாத்திரத்தில் உதிர்த்துப்போட்டு, துருவலைப் பிழிந்த கெட்டித் தேங்காய்ப்பாலைச் சூடாக ஊற்றி மூடி வைத்தேன். திறந்து பார்த்தபோது ரவை பாலையெல்லாம் குடித்துப் பருத்திருந்தது. மிச்சமிருந்த முட்டைகளை உடைத்து ஊற்றினேன். ஒரு சிட்டிகை உப்பு, வாசனைக்கு ரம்பை இலைச் சாறு கொஞ்சம். தட்டில் வாழையிலையை விரித்து ஊற்றி அடுப்பில் வைத்தேன். தகரத்தை முதல் தடவை தூக்கிப் பார்த்தபோது நடுவில் தளதளவென்று ஆடியது. மேலே இன்னும் கரியை அள்ளிப் போட்டேன். கை சுட்டது. போகட்டும் என்று விட்டேன். கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் ஓரம் சிவந்து, நடுவும் இறுகியது.

சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றியபோது மகள் வீறிட்டு அழுதாள். என் மகள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் பசியாற உட்கார்ந்தார்கள். நான் தட்டை மேசை நடுவில் வைத்து வெட்டினேன். துண்டு துண்டாக, ஒரு துணுக்கும் உதிராமல் வந்தது. கணவரின் மேலதிகாரியின் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது என்னம்மா, புதுசா இருக்கே?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார். "சூஜி கேக் சுடத் தெரியாம கெடுத்துட்டா. அதைத்தான் ஏதோ பண்ணி வச்சிருக்கா."

கணவர் கோப்பிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தரையைப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஆமா, கெட்டுப்போச்சு. உதிர்த்து, தேங்காய்ப்பால்ல ஊற வச்சு, திரும்பச் சுட்டேன். தோட்டத்துல எதையும் தூக்கிப் போட மாட்டோம். பிடிச்சவங்க சாப்பிடுங்க. பிடிக்காதவங்களுக்கு பிஸ்கட் இருக்கு."

அந்த அம்மாள் தட்டை நீட்டினார். "எனக்கு இன்னொரு துண்டு. ஓரமா இருக்கற சிவந்த துண்டு." அவருக்குப் பின்னால் மற்றவர்களும் நீட்டினார்கள். கணவர் எழுந்து வந்து, எல்லார் முன்னிலையிலும், "தேங்காய் நான்தான் துருவினேன்" என்றார். சிரிப்பு எழுந்தது. நாத்தனார் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருமுறை ரவையை ராத்திரி முழுக்க வெண்ணெயில் ஊற வைத்து, முறைப்படி சூஜி கேக் சுட்டுப் பார்த்தேன். அருமையாக வந்தது. வரும் என்று தெரிந்துகொண்டதே போதும் என்று அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு என்னையும் ஒரு சூஜி கேக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். வாழையிலை விரித்த தட்டோடு போனேன். மூடியைத் திறந்து பார்த்த நாத்தனார், "சூஜி கேக்னுல்ல சொல்லி அனுப்பினேன்?" என்றார்.

"எங்க வீட்டுல இதுதான் சூஜி கேக், அண்ணி" என்று சொல்லிவிட்டு, அவருடைய கேக்கைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி, என் தட்டை வைத்தேன்.