வெந்நீரில் போட்ட பவளப்பாறை

கிழக்குத் தாம்பரத்தில், இரண்டாவது மாடியில் இருந்த எங்கள் வீட்டு ஹாலில் மூன்றடி நீளத்துக்கு ஓர் உப்புநீர்த் தொட்டி இருந்தது. மீன் இரண்டே இரண்டுதான். மற்றதெல்லாம் பவளம். கல்லாக இருக்கும் பவளம் இல்லை, தொட்டால் சுருங்கிக்கொள்ளும் மெத்தென்ற வகை. பம்மலில் மீன் கடை வைத்திருந்தவர்தான் கைப்பிடி அளவு பாறையில் ஒட்டியிருந்த ஒரு கொத்தைத் தந்தார். சட்டை பட்டன் அளவில், பச்சையும் பழுப்புமாக, பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

எனக்கு மறைமலை நகரில் ஓர் உதிரிபாக ஆலையில் தரப் பரிசோதனை வேலை. நூலளவு கூடினாலும் திருப்பி அனுப்புகிற ஆள். தொட்டியையும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். வாரம் தவறாமல் தண்ணீரை மாற்றுவேன், வடிகட்டியைத் தேய்த்துக் கழுவுவேன். பட்டன்கள் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்தார்.

“ரொம்ப சுத்தமா வெச்சினு கீறீங்க சார். இதுக்குக் கொஞ்சம் அழுக்கு வோணும். கண்டுக்காம வுடுங்க, தானா வரும்.”

விட்டேன், வந்தது. விளக்கை அளவாக வைத்து, நீரோட்டத்தைக் குறைத்து, மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீனி போட்டேன். ஆறு மாதத்தில் அந்தப் பாறை நிறைந்துவிட்டது. அடுத்த ஆறு மாதத்தில் பக்கத்துப் பாறைகள், மோட்டார், பின்பக்கக் கண்ணாடி என்று ஏறி, நான் ஆசையாக வாங்கிய மற்ற பவளங்களை எல்லாம் மூடிவிட்டது. பிய்த்தால் பிய்த்த இடத்தில் இரண்டாக முளைத்தது. திருப்பித் தரலாம் என்று போனால் கடைக்காரரே “போதும் சார், எங்கிட்டயே எடமில்ல” என்று கையெடுத்துக் கும்பிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. மகள் அப்போது எட்டாம் வகுப்பு, சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. “ஹால் பூரா ஈரக்காத்துங்க. இவளுக்கு ஒத்துக்காது, எடுத்துடுங்க” என்று மனைவி பலமுறை சொல்லிவிட்டாள். தொட்டிக்கும் இழுப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் பக்கம் பக்கமாக வாதாடினேன். வாதத்தில் ஜெயிப்பது எனக்கு எப்போதும் கைவந்த கலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. மனைவி சர்ச்சுக்குப் போயிருந்தாள். மகளுக்குச் சளி, அவளைப் பார்த்துக்கொள்ளும் சாக்கில் நானும் போகவில்லை. அவள் ஹாலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பட்டன் மண்டிய பெரிய பாறையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நம் வீடுகளில் எதற்கும் கடைசி வைத்தியம் வெந்நீர்தானே. பால் புட்டியானாலும் ஊறுகாய் ஜாடியானாலும் கொதிக்கவைத்தால் தீர்ந்தது. அந்தப் பாறை கொள்ளும் பாத்திரம் வீட்டில் ஒன்றே ஒன்று, இட்லிப் பானை.

சாரல் அடித்ததால் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. சத்தம் கேட்டு மகள் வருவாளோ என்று புகைபோக்கி விசிறியையும் போடவில்லை. அரை மணி நேரம் கொதித்தது. வீடெல்லாம் ஆவி, மீன் சந்தை வாடை. பாறை வெளுத்துச் சுத்தமாக வந்தது. பானையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, இருந்த இடத்தில் வைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மதியத்துக்குள் என் வாயில் காசைச் சப்பியதுபோல ஒரு கசப்பு. சர்ச்சிலிருந்து வந்து சமைத்த மனைவிக்கும் குளிர் எடுத்தது. மகளுக்கு நடுக்கம், அப்புறம் மூச்சுத் திணறல். இன்ஹேலருக்கும் கேட்கவில்லை. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஜிஎஸ்டி சாலை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் தேடினேன். இதே பட்டன் பவளத்தை எங்கெங்கோ கொதிக்கவைத்தவர்கள் வீட்டோடு விழுந்திருக்கிறார்கள். விஷம் ஆவியில் வருமாம்.

டாக்டர் வந்து கேட்டார். “வீட்ல பூச்சி மருந்து அடிச்சீங்களா சார்? எதையாவது எரிச்சீங்களா?”

“இல்ல டாக்டர்.”

அடிக்கவில்லை, எரிக்கவில்லை. வேகவைத்தீர்களா என்று அவர் கேட்கவில்லையே. ஆக்சிஜன்தான் கொடுக்கிறார்களே, சொன்னாலும் இதையேதானே செய்வார்கள் என்று எனக்கு நானே வாதாடினேன். எனக்கும் காய்ச்சல் கொதித்தது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

காலையில் மகளுக்கு மூச்சுத் திணறல் கொஞ்சம் குறைந்திருந்தது. இட்லி கொடுக்கலாம் என்றார் நர்ஸ். மனைவி உடனே எழுந்தாள்.

“மாவு இருக்கு. போய் நாலு ஊத்தி எடுத்துட்டு வந்துடறேன்.”

“ஹோட்டல்ல வாங்கிக்கலாம்.”

“சோடா மாவு இட்லியா? இந்த நிலைமைலயா?”

“உனக்கே காய்ச்சல். நான் போறேன்.”

“உங்களுக்கு இட்லி ஊத்தத் தெரியுமா? சாவியக் குடுங்க.”

அவள் கை நீட்டியபடி நின்றாள். பாக்கெட்டில் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தேன். சொல்ல இன்னொரு பொய் கிடைக்குமா என்றுதான் அப்போதும் தேடினேன். கிடைக்கவில்லை.

“அந்தப் பானைய எடுக்காத” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நேராக நர்ஸிடம் போனாள். ஐந்து நிமிடத்தில் டாக்டர் வந்தார். மகளின் மார்பில் வயர்கள் ஒட்டினார்கள், புதிதாக ரத்தம் எடுத்தார்கள். “இதயத்தையும் தாக்கலாம் சார். நேத்தே சொல்லியிருக்கணும்” என்றார். எங்கள் இருவரையும்கூடப் பரிசோதிக்கச் சொன்னார். மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் பயமில்லை என்று சொல்லி மாஸ்க்கை எடுத்தார்கள். மனைவி வெளியே போயிருந்த நேரம், மகள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“அப்பா, நேத்து டாக்டர் என்னயும் தனியா கேட்டாரு. நீங்க அந்தக் கல்ல வேகவெச்சத நான் பாத்தேன்.”

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“நான் சொல்லலப்பா” என்றாள். சொல்லிவிட்டு, எனக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதியோடு கண்ணை மூடிக்கொண்டாள்.